ஒயில் சூடும் ஆறு பெட்டிகளும்

இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன். வாயால் அல்ல... பென்சிலால். ஒன்றல்ல, ஆறு.

சொன்ன இடம் லண்டனுக்கு வெளியே, எசெக்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன விமானத்தளம். இரண்டு பேர் மட்டும் முழங்கால் இடிக்க இடிக்க உட்காரக்கூடிய ஒரு விமானத்துக்குள். அந்த விமானத்தைக் கட்டியவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான்.

ரயில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். மற்ற ஆம்பிளைகள் ஓய்வு பெற்றால் கோயில் நிர்வாக சபையில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். இவர் விமானம் கட்டப் போனார். கூட்டாளி கார்த்திக், சென்னைக்காரப் பிள்ளை, ஐடி வேலை. ஆறு வருடமாக, லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு கராஜில் காருக்கு இடமில்லை. இறக்கைக்குத்தான் இடம்.

எஞ்சினோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் இருந்து கழற்றியது. ரோட்டரி எஞ்சினாம். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்காது. முக்கோணமாக ஒரு ரோட்டர் சுற்றும். "நடுக்கமே இல்லையப்பா!" என்று இவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்யாண அல்பத்தில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

ஒரு சிக்கல். மற்ற எஞ்சின்களில் ஒயில் என்கிற எண்ணெய் பெரும்பாலும் வழுக்க வைக்கத்தான். இதில் ரோட்டருக்கு உள்ளே புகுந்து அதன் சூட்டையும் சுமந்துகொண்டு வருவது ஒயில்தான். ஒயில் கொதித்தால் உள்ளே இடைவெளிகளை அடைக்கும் சீல்கள் போகும். சீல் போனால் எஞ்சின் போகும். ஆகாயத்தில் எஞ்சின் போனால்? மிச்சத்தை நான் எழுத வேண்டுமா?

அதனால், பறப்பதற்கு முன் விமானத்தைத் தரையிலேயே கட்டி வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம். இவர் வேகத்தையும் பிரேக்கையும் தண்ணீர்ச் சூட்டையும் பார்ப்பார். கார்த்திக் வெளியே தீயணைக்கும் சிலிண்டரோடு நிற்பார். ஒயில் சூட்டைப் பார்த்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத ஒரு ஆள் வேண்டும்.

"ஒரு லாகர் போட்டுடலாமே சார், அதுவே ரெக்கார்ட் பண்ணிடும்," என்றார் கார்த்திக்.

"எதுக்கு? இவ இருபத்திரண்டு வருஷமா ஆஸ்பத்திரி வார்டில காய்ச்சல் எழுதிறவ. மெஷின் பிழை விட்டாலும் இவ பிழை விடமாட்டா," என்றார் இவர்.

கேட்க எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

தற்காலிகமாக, ஒயில் சூட்டைக் காட்டும் ஒரு கேஜை என் முழங்காலுக்கு நேரே பொருத்தியிருந்தார். மடியில் அட்டை, அதில் இருபத்தைந்து பெட்டிகள். நூற்றைந்து டிகிரியைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும். காதில் பெரிய ஹெட்போன். எஞ்சின் உறுமியது. 71... 74... 76... பன்னிரண்டாம் நிமிடம் 87. எவ்வளவு நேரம்தான் ஒரு முள்ளையே பார்ப்பது? எனக்கு சும்மா இருக்க ஏலாது என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். காலை ஆட்டினேன். கழுத்தைத் திருப்பினேன். பையில் போன் துடித்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழு. டொரோண்டோ அக்காவின் மகளுக்குக் கல்யாணம். மாமி, சித்திமாருக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை. மயில் பச்சையா, மெரூனா? மெரூன் என்று எல்லோரும் முடிவுக்கு வரப் போகிறார்கள். மெரூனில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். விடலாமா?

"இப்ப ஃபுல் பவர். ஒயிலைப் பாரும்," என்று ஹெட்போனில் இவருடைய குரல்.

"ஓம், ஓம்," என்றேன். தட்டிக்கொண்டே.

நிமிர்ந்தபோது பத்தொன்பதாம் நிமிடம். இவர் வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தார். முள் 96 இல் நின்றது. நடுவே ஆறு பெட்டிகள் வெறுமையாக என்னைப் பார்த்தன.

அகதியாக இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு முதன்முதலில் சொல்லித் தந்த பாடம் — ஃபோர்மில் ஒரு பெட்டியையும் வெறுமையாக விடாதே, திரும்பி வந்துவிடும். விசா ஃபோர்ம், கவுன்சில் ஃபோர்ம், பெனிபிட் ஃபோர்ம்... வெறும் பெட்டியைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. என் கை தானாகவே ஓடியது. 88, 90, 91, 93, 94, 95. ஏணிப்படி மாதிரி அழகாக வந்தது.

எஞ்சின் நின்றதும் இவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "என்ன வடிவா ஏறியிருக்கு பாரும்! ஃபுல் பவரிலையும் நூறைத் தொடேல்லை. வாற சனி பறப்பம்!"

பறப்பது இவர் மட்டும். முதல் பறப்பில் வேறு ஆள் ஏறக்கூடாதாம்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றேன். நின்றால் இறங்கி நடக்க வேண்டும் போல இருந்தது. வார்டில் ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல் பார்த்து 38.2 என்று எழுதிவிட்டு, மறுபடியும் அளந்தேன். பிறகு இன்னொரு தடவை. அந்த அம்மா பயந்து போனா. நோயாளியின் காய்ச்சலை ஒருநாளும் பார்க்காமல் மனதால் எழுதாதவள், சொந்தப் புருஷனின் உயிரை மனதால் எழுதியிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் இவருடைய பிரஷர் அட்டை. தினமும் காலையில் அளந்து எழுதச் சொல்லி டொக்டர் சொன்னது. நான் வேலைக்குப் போன பிறகு தானே அளந்து எழுதுவார். ஒரு நாள் தவறாது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ரயில் மெக்கானிக்குக்கு இருக்கிற நேர்மை ஒரு நேர்ஸுக்கு இல்லையே?

வெள்ளிக்கிழமை காலை. இவர் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். இனிமேல் தாங்காது என்று வாயைத் திறந்தேன்.

"இஞ்சாருங்கோ... அந்த அட்டையில கொஞ்சம் நான் பார்க்காமல் எழுதினது."

"எந்தக் கொஞ்சம்?"

"பதின்மூண்டிலையிருந்து பதினெட்டாம் நிமிசம் வரைக்கும்."

பிசைந்த கை நின்றது. "அதுதானப்பா ஃபுல் பவர்! அந்த ஆறு நிமிசத்துக்குத்தானே உம்மை இருத்தினது!"

"சேலை நிறம்..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. முடிக்கக்கூடிய வசனமா அது?

இவர் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு கார்த்திக்குக்கு போன் எடுத்தார். "நாளைக்குப் பறக்கேல்லை. திரும்பவும் ஓட்டிப் பாப்பம்." காரணம் சொல்லவில்லை. அதற்காகவே அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை. என் போன் கார்த்திக்கின் சட்டைப் பையில். "டென்ஷன் ஆகாதீங்கக்கா, ஃபேமிலி குரூப்ல நான் பச்சைக்கு ஓட்டுப் போட்டுடறேன்," என்றார். காரணம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் நிமிடம் 88. ஃபுல் பவர். பதின்மூன்று, 94. பதினான்கு, 99. கண்ணை இமைக்கவும் பயம். பதினைந்து, 103. அடுத்த பெட்டிக்கு நான் காத்திருக்கவில்லை.

"நூற்றாறு! நூற்றேழு! நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினார். அந்த அமைதியில் சூடான ஒயில் மணம் வந்தது. போன முறையும் வந்திருக்கும். நான் மெரூனோடு சண்டையில் இருந்தேன்.

எஞ்சின் மூடியைக் கழற்றினால், ஒயிலைக் குளிர வைக்கும் கூலருக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயின் ஓரத்து ரப்பர் பட்டி பிரிந்து தொங்கியது. காற்று கூலருக்குள் போகாமல் பக்கத்தால் தப்பி ஓடியிருக்கிறது. "இதோட டேக் ஆஃப் பண்ணி மேல ஏறியிருந்தா..." என்று கார்த்திக் ஆரம்பித்தார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன்; தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே ஃப்ரிட்ஜடிக்குப் போனார். பிரஷர் அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். 128, 129, 128, 130, 129...

என்ன வடிவான வரிசை! என் ஆறு பெட்டிகளைப் போலவே.

"பிரஷர் கூடினால் பறக்க விடமாட்டாங்கள்," என்றார், தரையைப் பார்த்தபடி.

"இதில எத்தினை உண்மை?"

யோசித்தார். "புதன்கிழமையது மட்டும் எண்டு நினைக்கிறன்."

அலமாரியில் இருந்த பிரஷர் மெஷினை எடுத்தேன். இவர் பிள்ளை மாதிரி கையை நீட்டினார். பட்டியைச் சுற்றுவதற்கு முதல், என் போனை மற்ற அறையில் வைத்து, கதவையும் சாத்திவிட்டு வந்தேன்.