துருவுக்கு வெளிச்சம் போட்ட கடைகள்

இத்தா முடிந்து நான் முதன்முதலாகப் போன இடம் ஒரு கோப்பிக் கடை. கணவர் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கக் கடமை. அது முடிந்ததும் மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். என்னை என் தம்பி கண்டி டவுனுக்குக் கூட்டிப்போய் ஒரு இரும்புக் கதிரையில் உட்காரவைத்தான்.

அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் என் கணவரின் லேத் பட்டறை பூட்டிக் கிடந்தது. கண்டியில் இப்போது தெருவுக்குத் தெரு பழைய ஃபேக்டரி மாதிரி ஜோடித்த கடைகள் முளைக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றாக அதை மாற்றலாம் என்று கொழும்புக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். இடம் வாப்பா எனக்கு எழுதித் தந்தது, ஆகவே நான்தான் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர் வருவார். அதற்குள் அந்த மாதிரிக் கடைகளைக் காட்டி என் வாயிலிருந்து 'சரி'யை வாங்கிவிட வேண்டும் என்பது தம்பியின் கணக்கு.

"தாத்தா, சும்மா பாருங்களே. புடிக்காட்டி வேணாம்" என்றான். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர் கேட்டால் எனக்கு எண்பது வயது என்று நினைப்பார்கள். அந்த நாட்களில் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பிடிப்பது, பிடிக்காதது என்ற இரண்டுமே என்னிடம் அப்போது இல்லை. அவர் ஜனாஸாவை வீட்டிலிருந்து தூக்கும்போதும் நான் அழவில்லை. "சபூருள்ள பொம்புள" என்று ஒருத்தி என் பொறுமையை மெச்சினாள். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம், ஊரில் கோபக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த முதல் கடை குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. சுவரின் சாந்தைக் கொத்தி எடுத்து செங்கல்லை வெளியே காட்டியிருந்தார்கள். வயரில் மொட்டை பல்புகள் தொங்கின. மேசைக்குத் தையல் மெஷினின் கால். தேத்தண்ணீர் எனாமல் கோப்பையில் வந்தது, விளிம்பில் எனாமல் உதிர்ந்த மாதிரிக் கறுப்பு. உற்றுப் பார்த்தேன், உதிரவில்லை, அப்படித் தீட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு அப்படி ஒரு கோப்பையில் கொடுத்திருந்தால் உம்மா என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்.

சுவரோரம் ஒரு இரும்புக் குழாய் வளைந்து வளைந்து போனது. எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தேன். ஒரு மூலையில் மூடியோடு நின்றுவிட்டது. தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"அழகுக்கு தாத்தா. இதான் இப்ப ஸ்டைல்."

என் கணவர் மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார், குழாய்களிடம் பேசுவார். ஒரு குழாய் ஒழுகினால் அவர் தட்டுகிற சத்தத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஒழுகவே முடியாத இந்தக் குழாயைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை பாதியில் நின்றுவிட்டது.

அடுத்தது ஒரு உடுப்புக் கடை. இரும்புக் கம்பிகளில் சட்டைகள் தொங்கின, விலைச்சீட்டை ஒரு நட்டுக்குள் செருகிக் கட்டியிருந்தார்கள். தொங்கிய கம்பிக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் துரு. துருவுக்கு மேலே வார்னிஷ் பூசி, அதற்கு நேராக ஒரு சின்ன லைட்டும் போட்டிருந்தார்கள். தம்பி தன் போனில் படம் எடுத்துக்கொண்டே போனான். நான் பின்னால் போனேன். யாராவது கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றியிருந்தால் தெல்தெனியவரைக்கும் போயிருப்பேன், ஏன் என்று கேட்டிருக்கமாட்டேன்.

மூன்றாவது கடை பேராதனை வீதியில், இன்னும் திறக்கவில்லை. பின்பக்கத்தில் ஒருவர் குனிந்து மேசைக்கால் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கியதும் அடையாளம் தெரிந்தது. பதினாலு வருடம் என் கணவரோடு வேலை செய்தவர், நாவலப்பிட்டித் தோட்டப் பக்கத்து ஆள்.

"அக்கா! வெளிய வந்துட்டீங்களா?" என்று எழும்பினார்.

"நீங்க இங்கயா?"

"வேற என்னங்க செய்யிறது. மூணு தடவ வீட்டுக்கு வந்தேன். சாவி குடுத்திருந்தா மெஷினுக்கு எண்ணெ போட்டு, கைல இருந்த வேலையவும் முடிச்சுக் குடுத்திருப்பேன். நீங்க இத்தாவுல இருக்கீங்க, ஆம்பளைங்களோட பேச மாட்டீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அவரைத் திருப்பி அனுப்பியது இத்தாவில் எனக்குத் துணையிருந்த சாச்சி, உம்மாவின் தங்கை. அந்நிய ஆணின் குரலே என் காதில் விழக்கூடாது என்று அவருக்குப் பயம். மார்க்கத்தில் அவ்வளவு இறுக்கம் இல்லை, அவசியமான பேச்சுக்குத் தடை இல்லை, அது எனக்கே தெரியும். சாச்சிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த மூன்று தடவையும் நான் உள்ளறையில் கட்டிலில் இருந்தேன். அவர் குரல் கேட்டது, என்ன கேட்கிறார் என்பதும் கேட்டது. "சாவியைக் கொடுங்க சாச்சி" என்று மூன்று வார்த்தை போதும். வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருக்க வழக்கம் ஒரு சாட்டுக் கொடுத்தது, அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அங்கிருந்து நேராகக் கட்டுகஸ்தோட்டைக்குப் போகச் சொன்னேன். அன்று முழுக்க நானாகக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். கதவு இழுக்க வரவில்லை, தம்பி தோளால் தள்ளினான். கூரை ஒரு இடத்தில் ஒழுகியிருந்தது. லேத் மெஷின் மேலிருந்து கீழ்வரை காவி நிறம். அதன் வாயில் பாதி கடைந்த ஒரு இரும்புத் தண்டு அப்படியே இருந்தது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று பிடித்த வேலை. தண்டின் மேல் சோக்கட்டியால், வேலை கொடுத்தவரின் போன் நம்பர் எழுதியிருந்தது. யாரோ ஒருவர் அந்தத் தண்டுக்காக வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும் தாத்தா! இத அசைக்கவே வேணாம். மேல ஒரு லைட்டப் போட்டா, சனம் இதப் பாக்கவே வரும்." அவன் கெட்டவன் இல்லை. என் அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் ஓடினான். ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒன்று உறைத்தது. துக்கம் இல்லை, வெட்கம்.

திரும்பப் பேராதனை வீதிக்குப் போனோம். "பட்டறையைத் திறப்போம், நீங்களே நடத்துங்க" என்று அந்த வெல்டிங்காரரிடம் கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல் மாசத்துல கேட்டிருந்தா வந்திருப்பேங்க. இப்ப இவங்களுக்கு வார்த்தை குடுத்துட்டேன். புள்ளைங்க படிக்குதுங்க. கோவிச்சுக்காதீங்க அக்கா."

கோவிக்க எனக்கு என்ன இருக்கிறது. மெஷினையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பல்லேகலவில் இந்தக் கடைக்காரர்களுக்கு ஒரு பெரிய பட்டறை இருக்கிறது, அங்கே கொண்டுபோய் ஓட்டலாம் என்றார். அந்தத் தண்டையும் கடைந்து முடித்து உரியவரிடம் சேர்ப்பதாகச் சொன்னார், சேர்த்தும்விட்டார்.

வெள்ளிக்கிழமை கொழும்புக்காரருக்கு 'சரி' சொன்னேன். மெஷின் இல்லை என்றதும் அவர் முகம் விழுந்தது. தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்து, அவர் இடத்தைவிட அதைத்தான் விரும்பியிருக்கிறார். பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

போன மாதம் கடை திறந்தார்கள். மரியாதைக்காக என்னைக் கூப்பிட்டார்கள், தம்பியோடு போனேன். செங்கல், மொட்டை பல்பு, எங்கும் போகாத குழாய், எல்லாம் இருந்தது. எங்களை உட்காரவைத்த மேசைக்குப் பக்கத்தில், என் கணவரின் மெஷின் நின்ற அதே இடத்தில், வேறொரு லேத் மெஷின் நின்றது. நல்ல துரு, வார்னிஷ் பூசியிருந்தது. அதன் பக்கத்தில் சாய்ந்து நின்று இரண்டு பெண்பிள்ளைகள் படம் எடுத்தார்கள்.

"இது எங்க உள்ளது?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"எங்கேயோ மாத்தளைப் பக்கமாம், பழைய இரும்புக் கடையில எடுத்தீக்கிறாங்க."

"யாரோட?"

"அது கேக்கல்லயே தாத்தா."

மெஷினின் கைப்பிடி இடது பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, அதைப் பிடித்தவர் இடதுகைக்காரராக இருந்திருப்பார். அவருக்கும் வீடு இருந்திருக்கும். அந்த வீட்டிலும் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்திருப்பாள், அல்லது திறந்தும் பலனில்லாமல் போயிருக்கும். என் கணவருக்கு வராத அழுகை, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு முன்னால் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, சத்தமாகவே வந்துவிட்டது. தம்பி எழுந்து மேசையைச் சுற்றி வந்து, படம் எடுக்கிறவர்களுக்கு நான் தெரியாதபடி என்னை மறைத்துக்கொண்டு நின்றான்.