கடற்கரையில் விழுந்த புள்ளிகள்

யுத்தம் முடிந்த வருடத்து மாரியில் எங்கள் வீட்டுத்திட்டத்தில் டெங்கு பரவியது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக ஊரின் மேற்கே, வயலோரம் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு, ஏழில் காய்ச்சல். மூடியில்லாத தண்ணீர்த் தாங்கிகள் ஒன்பது. மூத்த பேத்தி கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இளையவள் என்னோடு வீட்டில் இருந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் கையே சூடா, அவள் நெற்றி சூடா என்று தெரியாமல் போனது.

புகை அடிக்க யாரும் வரவில்லை. சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். பரிசோதகர் வயது குறைந்தவர், வெளியூர். கணினியில் ஊரின் வரைபடத்தைத் திறந்து காட்டினார். ஒரு நோயாளிக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"புள்ளி கூடின இடத்துக்குத்தான் மெசினை அனுப்புவம், ஹாஜியார். பாருங்க, எல்லாம் கடற்கரையில."

எண்ணினேன். முப்பத்தொரு புள்ளி, எல்லாம் மணலில். வீட்டுத்திட்டத்தின் மேல் ஒன்றுகூட இல்லை.

"அது கடல் கொண்டுபோன வீடுகள், தம்பி. ஆக்கள் இங்கால இரிக்காங்க."

"ஓம், நேத்துப் போய்ப் பாத்தம். அத்திவாரமும் கிணறும்தான். கிணத்துக்கு மருந்து போட்டுட்டு வந்தம். ஆஸ்பத்திரியில ஆக்கள் குடுக்கிற விலாசம் அதுதானே? மாத்திக் குடுத்தா புள்ளியும் மாறும். இருக்கிறது ஒரு மெசின். படத்துல இல்லாத இடத்துக்கு அத எடுக்க எனக்கு அனுமதி இல்ல."

ஏன் அந்த விலாசம் என்று எனக்குத் தெரியும். எங்கள் பகுதியில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் கொடுக்க வேண்டும். கடலோரத்தில் இனிக் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது; அந்தத் தடை நீங்கினால் அங்கேதான் பெண்களுக்கு வீடு கட்ட வேண்டும். வேறு விலாசம் எழுதினால் காணியும் போய்விடும் என்று எல்லாருக்கும் பயம். கடலில் புருஷனைப் பறிகொடுத்த என் மகளுக்கும் அதே பயம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவளிடம் விலாசத்தை மாற்றிக் கொடுக்கச் சொன்னேன்.

"எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள, வாப்பா. திட்டத்து வீடு ஒண்டு. மத்தவளுக்கு என்னத்தக் குடுக்கிற?"

"முதல்ல புள்ளைகள் உசிரோட இரிக்கட்டும்."

"கடக்கரையில அந்த வளவ எனக்குச் சீதனமாத் தந்ததே நீங்கதான். இப்ப நீங்களே இல்லெண்டு எழுதச் சொல்றீங்க!"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். "எழுதிக் குடுங்க ஹாஜியார். நாளைக்கு அங்க ஹோட்டல் எழும்பும். நீங்க அதுல எத்தின ஜன்னலெண்டு எண்ணிக்கிட்டு இரிக்கலாம்."

 பேத்தியின் இரத்த அணுக்கள் நேற்றையதைவிடக் குறைந்துவிட்டன என்று தாதி சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது இளையவள் சுருண்டு கிடந்தாள். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, அவள் உடம்புதான் கொதித்தது. திரீவீலரில் தூக்கிக்கொண்டு போனேன். பதிவு செய்யும் இடத்துக்கு மகள் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். லிகிதர் விலாசம் கேட்டார். அவள் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவர் மறுபடியும் கேட்டார்.

வீட்டுத்திட்டத்தின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னாள். பிறகு, "மூத்தவள்ர விலாசத்தையும் மாத்துங்க" என்றாள்.

மறுநாள் வரைபடத்தில் எங்கள் கூரையின் மேல் இரண்டு புள்ளிகள் இருந்தன. மெசின் வந்தது. புகை எங்கள் வரிசையை மூடியிருந்த நேரத்தில்தான் மூத்தவளின் மௌத்துச் செய்தி வந்தது.

இளையவள் பிழைத்தாள். கடற்கரைக் காணியைப் பற்றி மகள் அதன்பிறகு கதைத்ததே இல்லை. இருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்த வீடு போதும்.