வெள்ளைக் குளவிக்கூடு

என் தம்பி மனைவி வேல்விழி எழுதிய பூச்சிப் புத்தகம் அடுத்த மாதம் வருகிறது. அவளைப் பற்றி வீட்டு ஆள் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்று அவள் கல்லூரியில் கேட்டார்கள். எழுதினால் என் மானம்தான் கப்பலேறும். ஏறட்டும்.

எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் பருத்தி போடும் குடும்பத்தில் பிறந்தவள். காயில் புழுவைப் பார்த்தால் மற்றவர்கள் நசுக்குவார்கள். இவள் அதை டப்பாவில் போட்டு, என்னவாகிறது என்று பார்ப்பாளாம். அப்படியே விலங்கியல் படித்து, விருத்தாசலத்தில் கல்லூரி ஆசிரியை ஆனாள். எங்கள் வட்டாரத்தில் பூச்சிகளைப் பற்றித் தமிழில் எழுதிய முதல் பெண் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவள் கட்டுரை வந்தால் ஊரே மெச்சும். நான் மட்டும், "இவ வயித்துல ஒண்ணத்தையும் காணோம், பூச்சிக்குப் பேறுகாலம் பாக்குறா" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டு திரிந்தேன். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம்.

வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறை. தம்பி பிரவீன்குமாரும் நானும்தான் நடத்துகிறோம். போன மாசியில் அவர்கள் படுக்கையறைச் சுவரில் ஒரு குளவி கூடு கட்டியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பார்கள். அதுவும் எங்கள் பட்டறை மண்ணில் கட்டிய வெள்ளைக் கூடு! எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் குங்குமம் வைத்தேன். யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

சித்திரை போனது, வைகாசியும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. தம்பிக்கும் தெரியாமல், ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் சொந்தக்காரி கொளஞ்சியிடம் அவனுக்கு வேறு பெண் பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள்.

புதன்கிழமை காலை அந்த அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் கூடு இல்லை. வேல்விழி அதைப் பேப்பரில் வைத்து பிளேடால் பிளந்துகொண்டிருந்தாள்.

"அடி கொலகாரி! இந்த வூட்டுக்கு வர்ற புள்ளய நீயே அறுத்துட்டியேடி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கொளஞ்சி உங்க போனுக்குக் கூப்பிட்டாங்க. நீங்க பட்டறையில இருந்தீங்க, நான்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழம பொண்ணு பாக்கப் போறீங்களாமே அண்ணி. போறதுக்கு முன்னாடி இத ஒரு வாட்டி பாத்துட்டுப் போங்க."

குனிந்து பார்த்தேன். உள்ளே மூன்று அறைகள். மூன்றிலும் இறக்கை முளைத்து முழுதாக வளர்ந்த குளவிகள் செத்துக் காய்ந்து கிடந்தன. மூன்றின் தலையும் வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. கூட்டுச் சுவரின் உட்புறம் முழுக்கக் கடித்துக் கடித்துப் பார்த்த தடம்.

"மூணு மாசத்துக்கு மேல ஒண்ணும் வெளிய வரலயேன்னுதான் தொறந்தேன். சாதா சேத்து மண்ணா இருந்தா கடிச்சிக்கிட்டு வந்திருக்கும். இதுல பிளாஸ்டர் கலந்திருக்குது அண்ணி. காஞ்சா கல்லாயிடும்."

பொம்மை அச்சு செய்து மிஞ்சும் பிளாஸ்டர் வாளியைக் கழுவி, கொல்லையில் களிமண் தண்ணீரோடு ஊற்றுகிறவள் நான்தான். வீட்டுக்குப் பிள்ளை வரும் என்று நான் குங்குமம் வைத்த சுவரில், மூன்று பிள்ளைகள் வெளியே வர வழியில்லாமல் முட்டிச் செத்திருக்கின்றன. கொலைகாரி என்று நான் யாரைச் சொன்னேன்?

அங்கேயே கொளஞ்சிக்குப் போன் போட்டேன். "வெள்ளிக்கிழம நான் வரல. இனிமே அந்தப் பேச்சே வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேல்விழி நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். கூடு இருந்த இடம், அறைகள், செத்தவை என்று எல்லாம் எழுதியிருந்தாள். மண் எங்கிருந்து வந்தது என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அது ஏன் எழுதல?"

"பரவால்ல அண்ணி, வுடுங்க."

அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். 'வளர்மதி ஊற்றிய வாளி' என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். புத்தகத்திலும் அப்படியே வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.