மூன்றாவது மாடியிலிருந்து புறப்படும் பேருந்து

பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். எந்த வண்டி எப்போது, எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. சும்மா சொல்லக்கூடாது, குரலென்றால் அப்படியொரு குரல். வண்டியின் பலகையில் வேறு ஊர் எழுதியிருந்தாலும் சனங்கள் பலகையைத்தான் சந்தேகப்படுவார்களே தவிர அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தப்புகூட வந்ததில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்படிப்பட்டவளுடைய மகள், பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாயைத் திறப்பதில்லை!

எட்டு வயதுப் பெண். வீட்டில் செல்லமாகப் பட்டாணி. மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது, காது வலிக்கப் பேசுவாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரு பல்லியால் வந்த வினை. ‘அரசன் பல்லக்கில் ஏறிப் போனான்’ என்று பாடத்தில் இருந்ததை ‘அரசன் பல்லியில் ஏறிப் போனான்’ என்று வாசித்துத் தொலைத்துவிட்டாள். வகுப்பே புரண்டு புரண்டு சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டார், அவரும் மனுஷிதானே, பாவம். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். “வர்ற வெள்ளிக்கிழமை ஒரு பக்கமாவது சத்தமா வாசிக்கணும்மா. இல்லன்னா கீழ் வகுப்புல சின்னப் பசங்களோடதான் உட்கார வைக்கணும். எனக்கு வேற வழியில்ல” என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். இருவரும் செல்போனும் கையுமாக உட்கார்ந்து, பிள்ளை வளர்ப்பு நிபுணர்கள் பேசும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தார்கள். ‘குழந்தைகளின் தவறுகளைக் கொண்டாடுங்கள்’ என்றார் ஒரு நிபுணர். அப்பா கொண்டாடினார். பட்டாணி ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று போட்டிருந்த கணக்குத் தாளை நோட்டிலிருந்து கிழித்துக் கடைக்குக் கொண்டுபோய், தங்க நிறச் சட்டம் போட்டு, கூடத்தில் நட்ட நடுவே மாட்டிவிட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அதை நின்று நிதானமாகப் பார்த்து, “ஐம்பத்தாறுல்ல சார் வரும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். பட்டாணி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு நிபுணர், ‘மதிப்பெண்ணை அல்ல, முயற்சியைப் பாராட்டுங்கள்’ என்றார். அம்மா பாராட்டினாள். பல் தேய்த்தால் கை தட்டினாள். செருப்பை மாட்டினால் கை தட்டினாள். பழக்கதோஷத்தில் ஒருநாள் பிள்ளை தும்மியதற்கும் தட்டிவிட்டாள்.

“தும்முறதுல என்னம்மா முயற்சி இருக்கு?” என்று கேட்டாள் பட்டாணி. நியாயமான கேள்விதான்.

கடைசியில் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குப் பள்ளி அரைநாள்தான். அம்மா மகளைக் கையோடு கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். “பாரு, அம்மா எப்படித் தப்பே இல்லாம வாசிக்கிறேன்னு. கவனிச்சாலே உனக்கும் வந்துடும்” என்றாள். மகள் தலையாட்டினாளே தவிர முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா மைக் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் விரைவுப் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது மாடியிலிருந்து புறப்படும்.”

நடைமேடை என்று வந்திருக்க வேண்டும். நாக்கு மாடி என்றுவிட்டது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். சொன்னது மைக் அக்கா ஆயிற்றே! சனங்கள் மூட்டை முடிச்சோடு எழுந்தார்கள். கீழ்த்தளம் ஒன்று, மேலே அலுவலகம் இரண்டு, அப்படியானால் மொட்டைமாடிதான் மூன்று என்று யாரோ ஒரு கணக்குப் புலி விளக்கினார். கூட்டம் படியேறியது. ஒருவர் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு ஏறினார். மேலே போனவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று இரண்டு பேருக்குள் சண்டைகூட வந்தது. துறைமுகம் வண்டியின் ஓட்டுநர் காலி வண்டியை விட்டு இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்து, “இத எப்படிய்யா மேல ஏத்தறது?” என்று நடத்துநரைக் கேட்டார்.

“அம்மா, மாடின்னு சொல்லிட்ட” என்றாள் பட்டாணி.

“சொல்லலையே.”

“சொன்ன. அங்க பாரு, ஏறிட்டே இருக்காங்க.”

அம்மா பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. மைக்கை அணைத்து, அதைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்துவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மேலாளரிடமிருந்து தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. நடத்துநர் வந்து கண்ணாடியைத் தட்டி, “அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, போதும்” என்று கெஞ்சினார், அவள் நிமிரவில்லை.

“மறுபடி சொல்லும்மா” என்றாள் மகள்.

“முடியாதுடி. எல்லாரும் சிரிப்பாங்க.”

பட்டாணி அம்மாவையே பார்த்தாள். இந்த அம்மாவுக்கா இப்படி? அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரக்கமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

“சிரிச்சா சிரிக்கட்டும்மா! ஒரு தாத்தா அவ்ளோ பெரிய பெட்டியைத் தூக்கிட்டு ஏறுறாரு, பாவம்மா. சொல்லு!” என்று அதட்டிவிட்டு மைக் சுவிட்சைப் போட்டு, அதை இழுத்து அம்மாவின் வாய்க்கு நேரே வைத்தாள்.

அம்மா தொண்டையைக் கனைத்தாள். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஒரு திருத்தம். துறைமுகம் பேருந்து மூன்றாவது நடைமாடியிலிருந்து…”

போச்சுடா! மறுபடியும் குளறல். பட்டாணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது ஒலிபெருக்கியில் நிலையம் முழுக்கக் கேட்டது. அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்து, “மூன்றாவது நடைமேடையிலிருந்து” என்று சொல்லி முடித்தாள்.

சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து வண்டியில் ஏறினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தி திட்டினாள், மற்றவர்கள் சன்னலோர இடம் பிடிப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். அந்தப் பெட்டித் தாத்தா மட்டும் கண்ணாடி அறைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். “அடுத்த வண்டியாச்சும் மேலருந்து கிளம்புமாம்மா? அங்க நல்லா காத்து வருது” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பட்டாணி தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“வாசிச்சியாடி கண்ணு?”

“ம்.”

“சத்தமாவா?”

“சத்தமாத்தான். யானை குளத்தில் இறங்கியதுன்னு இருந்துச்சு. பானை குளத்தில் இறங்கியதுன்னு வாசிச்சுட்டேன்.”

அம்மா அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். “சிரிச்சாங்களா?”

“பயங்கரமா சிரிச்சாங்க.”

“அய்யோ… அப்புறம்?”

பட்டாணி பென்சில் முனையை ஊதினாள். “அப்புறம் என்னம்மா, பானையை வெளிய எடுத்துட்டு யானையை இறக்கினேன். அடுத்த பக்கம் போயிட்டேன்.”