அக்காவின் நம்பரை எடுத்த ஆள்

குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். இன்று காலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை. எனக்கோ மார்பில் பால் கட்டி, தொட்டாலே உயிர் போகிறது. கணவரும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

புதுவாயலில் வாராவாரம் தாய்மார் கூட்டம் நடத்தும் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே கொட்டிவிட்டேன்.

"அக்கா, பாப்பா வாயே வெக்க மாட்டேங்குது. மாரு கல்லாட்டம் கட்டிக்கினு வலிக்குது. இன்னா பண்றதுக்கா?"

அந்தப் பக்கம் பேசியது ஓர் ஆண் குரல்.

"மேடம், இது இப்ப லாரி லோடு அனுப்புற செக்ஷன் நம்பரு."

கூட்டத்துக்குப் பணம் கொடுத்துவந்த கம்பெனி அதை நிறுத்திவிட்டதாம். அக்காவை அனுப்பிவிட்டு, அவர் போனை இவரிடம் கொடுத்துவிட்டார்களாம்.

"அவங்க வேற நம்பரு இருக்குதாண்ணா?"

"தெரியாதும்மா. இன்னிக்கு நீங்க நாலாவது ஆளு. காலைல ஒரு பொண்ணு அழுதுகினே பேசிச்சு. நான் இன்னா சொல்றது? எனக்கே இன்னும் கல்யாணம் ஆவல."

சிரித்துவிட்டேன். போனை வைத்ததும் அழுதேன்.

தாய்ப்பாலே சிறந்தது என்று எங்கள் தெருச் சுவரில் தன் பெயரோடு எழுதிவைக்க அந்தக் கம்பெனியிடம் பணம் இருக்கிறது. அந்தப் பாலைக் கொடுக்கச் சொல்லித்தரும் ஒருத்திக்குச் சம்பளம் தரத்தான் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வரும்வரை இதை எழுதுகிறேன். இன்று அந்த நம்பருக்குப் பேசிய மற்ற மூன்று பேரும் இங்கேதான், ஒருவேளை அடுத்த தெருவிலேயே, தனியாக இருப்பீர்கள். படித்தால் கீழே ஒரு வார்த்தை போடுங்கள். எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். ஒன்றும் தெரியாத நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவும் கூட்டம்தானே?