அஸருக்குப் பின் இரண்டு ரக்அத்

என் கணவர் மேகமலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். தினமும் சாயங்காலம் சின்னமனூருக்கு வண்டியை இறக்க வேண்டும். எழுபதுகளில் அது ரோடே இல்லை, வெறும் கல். பயமாக இல்லையா என்று கேட்டால், "அதெல்லாம் பழகிருச்சு" என்பார்.

நான்தான் பயந்தேன். சாயங்காலத் தொழுகையான அஸரைத் தொழுததும், அவர் இறங்கும் நேரம் இதுதான் என்று கணக்குப் பண்ணி, அவருக்காக, கடமைக்கு மேலான நஃபிலாக இன்னும் இரண்டு ரக்அத் தொழுவேன். நான்கு வருடங்களாக, தொழக்கூடிய நாள் ஒன்றைக்கூட விட்டதில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் தொழுகை முறைகளைச் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். உலை கொதிப்பதற்குள் புரட்டினேன். அஸர் தொழுத பிறகு சூரியன் மறையும்வரை நஃபில் தொழக் கூடாது என்று போட்டிருந்தது. மூன்று முறை படித்தேன். அவருக்குப் பாதுகாப்புக் கேட்டு, கூடாத நேரத்திலா போய் நின்றேன்?

அவர் வந்ததும் புத்தகத்தை நீட்டினேன். வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லீவு நாளில் நான் தொழுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர்!

"தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தீகளா? அல்லாகிட்ட நான்ல பதில் சொல்லணும்!"

"ஒவ்வொரு வளைவுலயும், இந்நேரம் அவ தொழுதுக்கிட்டு இருப்பான்னு நெனச்சுத்தான் பிரேக்க மிதிக்கிறேன். சொன்னா நிறுத்திருவியே."

பழகிவிட்டது என்று நான்கு வருடங்களாகச் சொன்னவர்தான் இதைச் சொன்னார்.