என் தம்பியின் கைப்பேசியை நான் ஏன் அழித்தேன்

என் தம்பி இறந்தபின், பூட்டிக் கிடந்த அவனுடைய கைப்பேசியைத் திறக்க எனக்குத் தெரியும். தெரியாது என்று என் தாயிடம் பொய் சொன்னேன். அவள் நம்பினாள். பிறகு ஒரு நாள், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதிலிருந்த அத்தனையையும் அழித்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். கைப்பேசிகளைப் பற்றியும், செயலிகளைப் பற்றியும், அரசு கொண்டுவரும் தரவுச் சட்டங்களைப் பற்றியும் வாராவாரம் கருத்துச் சொல்கிறவன் நான். எந்த போனை வாங்கலாம், எதை வாங்கினால் தண்டம், முகத்தைக் காட்டினால்தான் ரேஷன் என்பது நியாயமா... எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும்.

இறந்தவரின் அந்தரங்கம் பற்றி நான் எழுதிய கட்டுரையையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். கண் கலங்கியதாகக்கூட எனக்கு எழுதினீர்கள்! இறந்துபோனவனின் போனைத் திறந்து பார்க்க, பெற்ற தாய்க்கும் உரிமை இல்லை, சட்டம் அதைத் தடுத்தே தீர வேண்டும் என்று அதில் வாதாடியிருந்தேன். அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் எனக்கே மறுப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அதை நான் எழுதிய காரணம் வேறு.

தினேஷ் என்னைவிட மிகவும் இளையவன். ஆம்பூரிலிருந்து நான்தான் அவனை பெங்களூருக்கு அழைத்து வந்தேன். என் வீடு மல்லேஸ்வரத்தில். அவன் ஹெப்பகோடியில், வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தான். ஒரே ஊர் என்று பெயர்தான். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டி அங்கே போய்ச் சேருவதற்குள் ஆம்பூருக்கே போய்விடலாம் என்று அலுத்துக்கொள்வேன். அலுப்பில் போவதையும் குறைத்துக்கொண்டேன்.

நான் வாங்கி, எழுதி முடித்துத் தூக்கிப் போடும் போன்களெல்லாம் அவனுக்குத்தான். பூட்டைத் திறக்க நான் வரைந்து வைத்த கோட்டு வடிவத்தைக்கூட அவன் மாற்ற மாட்டான். “ஒன்னோட பாட்டர்னே இருக்கட்டும்ணா. எனக்கு மறந்துட்டா ஒன்னயக் கேட்டுக்கலாம்” என்பான்.

என் கட்டுரை ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை. படித்ததும் குரல் பதிவு அனுப்புவான். விரலால் தட்டுவது அவனுக்குச் சோம்பல். “அண்ணா, படிச்சேன். ஒரு எழவும் புரியல. ஆனா நீ எழுதனா கரெக்டாத்தான் இருக்கும்.” பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். பாதியிலேயே நிறுத்திவிடுவேன்... அப்போது நிறுத்த முடிந்தது!

வெள்ளிக்கிழமை மாலை போனை அணைத்து பீரோவில் வைத்தால் திங்கட்கிழமை காலையில்தான் கையில் எடுப்பேன் என்று ஊரறிய எழுதியவன் நான். அதற்குப் ‘போன் விரதம்’ என்று பெயரும் சூட்டினேன். உங்களில் பலர் என்னைப் பார்த்து அந்த விரதத்தைத் தொடங்கினீர்கள்.

நான் ஒரு வாரம்கூட அதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை! மனைவி கல்பனா அசந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவேன். என் விரத அறிவிப்பை எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக! சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எனக்கே ஒரு காலத்தில் சிரிப்பு வந்தது.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமையும் எடுத்துப் பார்த்தேன். தினேஷிடமிருந்து ஒரு குரல் பதிவு. குழாயைத் திறந்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

“அண்ணா, காய்ச்சல் விடவே மாட்டேங்குது. எழுந்து நிக்க முடியல. ரூம்ல எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்க. முடிஞ்சா வந்து கூட்டினு போறியா? அண்ணி வெக்கிற ரசம் சாப்டா சரியாயிடும்.”

நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று உங்களைவிட அதிகமாக என்னை நானே கேட்டுவிட்டேன். பதில் அற்பமானது. பதில் அனுப்பினால் விரதம் முறிந்தது தெரிந்துவிடும். தினேஷ் கிண்டல் செய்வான். கல்பனாவுக்கு முன்னால் முகம் கறுக்கும். அதோடு, அந்த வெயிலில் ஹெப்பகோடி வரை யார் போவது? காய்ச்சல்தானே... திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போனை மறுபடி பீரோவில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் இரண்டாவது பதிவு வந்திருந்தது.

“அண்ணா... மைக்கு நீலமாயிடுச்சு, கேட்டுட்ட போல. பரவால்ல. பக்கத்துல அண்ணி இருப்பாங்க, பேச முடியாது. அவசரம்லாம் ஒன்னும் இல்ல. ஃப்ரீ ஆனா வா.”

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செய்தியைப் படித்துவிட்டோம் என்பது அனுப்பியவருக்குத் தெரியாமல் இருக்க ஓர் அமைப்பு உண்டு. என் போனில் அதை எப்போதோ செய்து வைத்திருந்தேன். ஆனால் குரல் பதிவுகள் அதற்குக் கட்டுப்படாது. கேட்ட உடனே, அனுப்பியவரின் போனில் மைக் குறி நீலமாகிவிடும். இது பயனாளரின் அந்தரங்கத்தில் விழுந்த ஓட்டை என்று கண்டித்து எழுதியவனே நான்தான்! எழுதியவனுக்கு அந்தச் சனிக்கிழமை அது மறந்துபோயிற்று.

ஞாயிறு மாலை மூன்றாவது பதிவு வந்தது. கேட்டால் மறுபடி நீலமாகும், அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பி.ஜி. நடத்தும் அம்மாள் அழைத்தார். தினேஷ் தனியாகவே ஆட்டோ பிடித்துப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தான். டெங்கு. நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இல்லை. அதன்பிறகு திரும்பவும் இல்லை.

முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பானா? இந்தக் கேள்வியை நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஆம்பூரில் பந்தலுக்கடியில் உறவினர் ஒருவர், “அண்ணனுக்கு ஒரு போன்கூடவா பண்ணல அந்தப் புள்ள?” என்று கேட்டார். கல்பனா முந்திக்கொண்டு சொன்னாள்: “அவரு சனி, ஞாயிறு போனத் தொடவே மாட்டாருங்க. பீரோல இருந்துச்சு. நான்தான் வெச்சேன்.” சொல்லிவிட்டு அழுதாள். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை... ஆனால் அதற்குள் குடியேறிக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்ததும் அம்மாவை எங்களோடு அழைத்து வந்தோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் தினேஷின் போன் இருந்தது. அம்மா அதை விடவே இல்லை.

“பீரோ சாவி தொலஞ்சா ஒடச்சித் தொறக்கறோம்ல? இதயும் அது மாதிரி தொறந்து குடுடா. அவன் மூஞ்சியப் பாக்கணும். அவன் பேசனது எதுனா இருந்தா கேக்கணும்.”

“முடியாதும்மா. கம்பெனியே நெனச்சாலும் திறக்க முடியாது.”

“ஊரு பூரா போனப் பத்தி எழுதற. இத ஒன்னத் தொறக்க முடியலியா ஒன்னால?”

முடியும் அம்மா... என் விரலுக்கே தெரியும். ஆனால் அதற்குள் நீலமாகிப்போன இரண்டு குறிகள் இருந்தன. அவன் தவித்துக் கிடந்த நேரத்தில் நான் கேட்டேன், கேட்டும் வரவில்லை என்பதற்கு வேறெந்தச் சாட்சியும் வேண்டாம்.

அவள் சும்மா இருக்கவில்லை. தன் போக்கில் எதையாவது வரைந்து வரைந்து பார்ப்பாள். ஒருநாள் என்னிடம் சொல்லாமலே கடைத்தெருவில் ஒரு போன் கடைக்குப் போய் வந்தாள். “உள்ள இருக்கறது பூரா அழிச்சாத்தான் தொறக்குமாம். வேணாம்னுட்டு எடுத்தாந்துட்டேன். ஈஜிபுராவுல ஒருத்தரு அழிக்காம தொறப்பாராம். நாளைக்கு இட்டுனு போறியா?” என்றாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

போகலாம் என்றேன். மறுநாள் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு அவள் கோயிலுக்குப் போனதும், எடுத்துத் திறந்தேன்.

எனக்கு வந்த பதிவுகளை மட்டும் நீக்கியிருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். யாரிடமெல்லாம் என்ன சொல்லியிருந்தானோ! ‘அண்ணன் கேட்டுட்டாரு, வந்துடுவாரு’ என்று எந்த நண்பனுக்குச் சொல்லியிருந்தானோ! ஒவ்வொன்றாகத் திறந்து அவன் குரலைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மொத்தமாக அழிப்பது சுலபமாக இருந்தது. படங்கள், பதிவுகள், எல்லாம் போயின. பிரதி எதுவும் வேறெங்கும் சேமித்து வைக்காதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததும் நான்தான்.

“தானா அழிஞ்சிடுச்சும்மா. ரொம்பத் தடவ தப்பாப் போட்டா அப்படி ஆயிடும்” என்றேன்.

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “நான்தான் கண்டபடி தொட்டுக் கெடுத்துட்டனா?” என்றாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை! கேளுங்கள்... இல்லை என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை! இன்றுவரை, தன் மகனின் கடைசி மிச்சத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுரையை எழுதினேன். என் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும், அதற்கு முன்பு நேரெதிராக எழுதியவன் நான். வங்கிக் கணக்குக்கு நாமினி கேட்கிறோமே, போனுக்கும் கேட்டால் என்ன, இறந்தவரின் படங்களைக் குடும்பத்துக்குக் கொடுக்காமல் நிறுவனங்கள் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கொதித்திருந்தேன். திடீரென்று மாற்றிப் பேசியபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. சொந்த இழப்பு இவரைப் பக்குவப்படுத்தியிருக்கிறது என்று பாராட்டினார்கள். கூட்டங்களுக்கு அழைத்தார்கள். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள்.

மல்லேஸ்வரத்தில் நடந்த அப்படியொரு கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“சார், எனக்கு ஒரே பொண்ணு. போன வருஷம் ஆக்ஸிடென்ட்ல போயிட்டா. சர்ச் கொயருக்குப் பாடிப் பாடி போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தா சார். அது மட்டும் போதும். மத்தது எதையும் நான் பாக்க மாட்டேன். கேட்டா எல்லாரும் உங்க ஆர்ட்டிகிளக் காட்டறாங்க. நான் கேக்கறது தப்பா சார்?”

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாகக் கேட்டேன்: “உயிரோடு இருக்கும்போது உங்கள் மகளிடம் அதற்கு அனுமதி வாங்கினீர்களா?”

அவர் யோசித்தார். “இல்ல சார். கேக்கல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரங்கம் கைதட்டியது. அவரும் தட்டினார்! அந்த மனிதரைத் தேடிப் போய்க் காலில் விழ வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. இதைச் சொல்லாமல் முடித்தால் மறுபடியும் ஏமாற்றியவன் ஆவேன்.

தினேஷின் குரல் இந்த உலகத்தில் ஓரிடத்தில் மிச்சமிருக்கிறது... என் போனில். பழைய உரையாடல்களை அவ்வப்போது துடைத்துவிடுவது என் வழக்கம் என்பதால், அவனுடைய கிண்டல்கள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தக் கடைசி மூன்று பதிவுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றை ஏன் அழிக்கவில்லை? தெரியவில்லை. அம்மாவிடம் போட்டுக்காட்டலாமே என்றால், எதைப் போட்டுக்காட்டுவது? ‘வந்து கூட்டினு போறியா’ என்பதையா? ‘கேட்டுட்ட போல’ என்பதையா? மூன்றாவதை நானே இன்னும் கேட்கவில்லை.

உறவுக்காரக் கல்யாண வீடியோ ஒன்றில் அவன் ஆடுகிறான். மேலே பாட்டைப் போட்டுவிட்டார்கள்; வாய் அசைகிறது, குரல் இல்லை. அம்மா அதை எத்தனையோ முறை பார்த்துவிட்டாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை. தினேஷ்தான் படித்துவிட்டுப் போனில் அவளுக்குக் கதையாகச் சொல்வான். அது தெரிந்துதான் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. இந்த வாக்குமூலத்திலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, பாருங்கள்!

போன வாரம் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். தலை நிமிராமலே சொன்னாள்.

“அவன் கொரலு மறந்துனு வருதுடா எனக்கு. ஒனக்கும் அவனுக்கும் ஒரே கொரலுன்னு எல்லாரும் சொல்வாங்கள்ல... அவன மாதிரி ‘யம்மோவ்’னு ஒரு தடவ கூப்டேன்.”

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதற்குள் அவன் இருந்தான்.

“யம்மோவ்” என்று கூப்பிட்டேன்.

கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் சத்தமா. அவன் தெருமுனையில இருந்தே கூப்டுவான்” என்றாள். சத்தமாகக் கூப்பிட்டேன்.

இப்போது தினமும் கூப்பிடச் சொல்கிறாள். கூப்பிடுகிறேன்.